நூறாவது பசு

முசேயின் பின்தொடைப் புண்ணில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றிவிட்டுத் தையல்நாயகி காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் மூச்சு முட்டி மேலே வந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுண்ணாம்புத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். ஐம்பது வரை எண்ணினாள், பிறகு விட்டுவிட்டாள். கொட்டகைச் சுவருக்கு அப்பால் போய்க் காறித் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

காளை காலை உதறவே இல்லை. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு ஈ உட்கார்ந்தாலே தரை அதிர மிதிக்கிற மாடு அது. காங்கேயம், ஏழு வயசு. கன்றாக வந்து இறங்கிய நாளில் அது தலையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பக்கத்து மனைக்காரர், "ஏ, முசே வராருய்யா" என்று ஏதோ பிரெஞ்சுத் துரை வருவதுபோல் கேலி செய்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உழவர்கரைப் பக்கம் சுற்றிலும் மனை போட்டு, மாடி வீடுகள் எழும்பி, நடுவில் மிச்சம் நின்ற ஒரே மாட்டுக் கொட்டகை அவர்களுடையது. பதினொரு பசு, ஒரு பொலிகாளை. காளை சேர்க்க வேண்டுமென்றால் பாகூரிலிருந்துகூட அங்கேதான் வருவார்கள்.

இப்போது முசேயின் உடம்பு முழுக்க எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டிகள். சில காய்ந்து கறுத்திருந்தன. சில உடைந்து, தோல் வட்டமாகக் கழன்று, உள்ளே சிவப்புச் சதை தெரிந்தது. மூக்கிலிருந்து சளி கயிறுபோல் தொங்கியது. வெயிலில் திறந்துவைத்த மீன்கூடை மாதிரி ஒரு வாடை, அதற்குள்ளே தித்திப்பாக இன்னொரு வாடை. குளித்தாலும் அது அவள் தலைமுடியை விட்டுப் போவதில்லை.

பத்தடி தள்ளி, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவள் புருஷன் கலியமூர்த்தி செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"லேசா ஜொரந்தாண்ணே. பனி ஒத்துக்கல. பொங்கலுக்கு எழுந்து நிப்பான் பாருங்க."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

*

இது இப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை. ஐப்பசியிலேயே அரசாங்கத்து மாட்டு டாக்டர் சிவசங்கரி தடுப்பூசியோடு வீடு வீடாக வந்தாள். தோலில் கட்டி கட்டியாக வரும் நோய் வடக்கே பரவுகிறது, ஒரு மாட்டையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பசுக்களுக்கெல்லாம் போட்டாயிற்று. "காளை எங்க?" என்று கேட்டபோது, "வெளியூர் போயிருக்குதுங்க மேடம், ஒரு வாரம் ஆவும்" என்றான் கலியமூர்த்தி. காளை வைக்கோல்போருக்குப் பின்னால் கட்டியிருந்தது. ஊசி போட்டால் பொலிகாளைக்கு வீரியம் குறைந்துவிடும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். டாக்டர் இரண்டாம் முறை வந்தபோதும் அதே பதில்தான். இரண்டு முறையும் தையல்நாயகி பக்கத்திலேயே நின்றாள். டாக்டருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

கலியமூர்த்திக்கு அப்போது வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகை முடிவுக்குள் முசே தொண்ணூற்று மூன்று பசுக்களோடு சேர்ந்திருந்தான். பொங்கலுக்குள் நூறு ஆக்கிவிட வேண்டும். நாட்டுமாடு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் இதை அறிவித்தும் விட்டான். நூறாவது பசுவுக்கு மாலை போட்டு விழா எடுப்பதாகச் சொல்லியிருந்தான். குழுவில் தினமும் கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. மனுஷன் சோறு தின்னும்போதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். முசேயைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கழுத்தில் கொட்டைப்பாக்குபோல் நாலைந்து முடிச்சுகள் அவள் கையில் தட்டுப்பட்டன. கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. காது கொதித்தது.

"என்னாங்க, கழுத்துல கட்டி கட்டியா இருக்குது. டாக்டரம்மா சொன்னது இதுதான் போலருக்கு. ஒரு போனப் போடுங்க."

அவன் வந்து தடவிப் பார்த்தான். அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தெரிந்துகொண்டான். அதில் சந்தேகமே இல்லை.

"கொசு கடிச்சிருக்கும்" என்றான்.

"கொசு கடிச்சா இப்பிடியா வீங்கும்?"

"அந்தப் பொண்ணு வந்தா மாட்டச் சேக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவும். இன்னும் ஏழுதான் தையலு. ஏழே ஏழு. அப்பறம் ஒரு மாசத்துக்கு ஓய்வு குடுத்துடலாம்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பனி வேற கொட்டுது. போத்துறதுக்கு ஒண்ணு தச்சிக் குடேன். நல்லா பளபளன்னு."

எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் உள்ளே போய், பழைய மெரூன் வெல்வெட் திரைச்சீலையை எடுத்து அளவு பார்த்து வெட்டினாள். ஓரத்துக்குச் சரிகை வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே தைத்து முடித்தாள். போர்த்திப் பார்த்தபோது கழுத்திலிருந்து வால்வரைக்கும் மூடியது. முசே கோயில் காளைபோல் இருந்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூடப் பட்டாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

ஏழு பசுக்கள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் போர்வையைத் தடவிப் பார்த்து, "ராஜாவாட்டம் வச்சிருக்கீங்க" என்றார்கள். தொண்ணூற்றெட்டாவது பசுவின்மேல் முசேயால் ஏற முடியவில்லை. முன்னங்கால்கள் நழுவின. கலியமூர்த்தியும் பசுவைக் கொண்டுவந்தவனும் பின்னாலிருந்து தோள் கொடுத்து முட்டித் தள்ளினார்கள். நூற்று ஐந்து டிகிரி காய்ச்சலில் ஒரு ஜீவனை அப்படித் தள்ளினார்கள். தையல்நாயகி வெல்லத் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றாள்.

நூறாவது பசு அரியாங்குப்பத்திலிருந்து குட்டியானை லோடு வண்டியில் வந்தது. சின்னப்பாப்பாவின் செவலை. சின்னப்பாப்பாவுக்கு அறுபது வயசு. புருஷன் மில் மூடின பிறகு குடித்தே போய்ச் சேர்ந்தான். அந்த ஒரு பசுவை வைத்து நாலு டீக்கடைக்குப் பால் ஊற்றுகிறாள். அவளுக்குக் கலியமூர்த்தி சால்வை போர்த்தினான். பசுவுக்குச் சாமந்தி மாலை. போட்டோ எடுத்தார்கள். கிளம்பும்போது சின்னப்பாப்பா முசேயின் முகத்தை வழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் கண்ணில் வடிந்திருந்த பீளை அவள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதையும், அதை அவள் பக்தியோடு புடவையில் துடைத்துக்கொண்டதையும் தையல்நாயகி பார்த்தாள்.

மூன்றாம் நாள் முசே படுத்துவிட்டான். அப்போதும் டாக்டருக்குச் சொல்லவில்லை. எங்கேயோ கம்பவுண்டராக இருந்த ஒருத்தரை வரவழைத்து ஊசி போட்டார்கள்.

*

புழு எடுத்த மறுநாள் காலை அவள் வெற்றிலையும் மிளகும் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து உருண்டையாக நாக்கில் தடவச் சொல்லியிருந்தார்கள். பொங்கல் நெருக்கடி. கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்துமாக வழியே இல்லை. வெற்றிலைக் கடையில் நசுங்கி நின்றபோது யாரோ அவள் தோளைத் தொட்டார்கள்.

"தையலு! பொங்கச் சாமான் வாங்க வந்தியா?"

சின்னப்பாப்பா. கூடையில் ஒரு கவுளி வெற்றிலை, மிளகுப் பொட்டலம், பூண்டு, ஒரு கட்டுக் குப்பைமேனி. தையல்நாயகி முசேக்காக வாங்க வந்ததும் அதே வெற்றிலையும் மிளகும்தான்.

"ஆமாங்கா" என்றாள்.

"எனக்கு ஏது பொங்கலு இந்த வருசம்? செவலைக்கு ஒடம்பு பூரா கட்டி. நாலு நாளா தீனி எடுக்கல. பால் வத்திப்போச்சி. ஊசி போட வந்தன்னைக்கி நான் வூட்ல இல்லாம பூட்டேன், என் நேரம். எங்கேர்ந்துதான் வந்துச்சோ தெரியல. எங்க தெருவுல வேற எந்த மாட்டுக்கும் இல்ல தையலு. வீட்ட வுட்டு எங்கயும் அவுத்து வுட்டதும் இல்ல, உங்க எடத்துக்கு வந்ததத் தவுர."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

"உங்க முசே நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான்கா."

"அது போதும் சாமி. சினை மட்டும் நின்னுருந்தா, அவன் வாரிசு ஒண்ணு எங்கிட்ட இருக்கும்." சொல்லிவிட்டுத் மருந்துக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள்கொத்திலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்து நீட்டினாள். "இந்தா, நான் குடுத்தேன்னு அவன் கொம்புல கட்டு."

வாங்கிக்கொண்டாள். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபோது கையில் இருந்த பச்சை மஞ்சள் வாசனைக்குள்ளிருந்தும் அந்தப் புண் வாடைதான் வந்தது. நல்லாருக்கான்கா. எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய். நாக்கில் ஏதோ வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இறங்கும்போது மஞ்சள்கொத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். நிறுத்தத்து வேப்பமரத்தடியில் குனிந்து, காலையில் குடித்த காபியெல்லாம் வெளியே வருமட்டும் வாந்தி எடுத்தாள்.

*

போகியன்று மத்தியானம் முசே செத்துப்போனான். நெஞ்சில் சளி கட்டி, விடிந்ததிலிருந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தையல்நாயகி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நல்ல நாளில் அவள் கையை அரம்போன்ற நாக்கால் நக்கி நக்கிச் சிவக்க வைக்கிறவன். இப்போது அந்த நாக்கு நீலம் பூத்து ஓரமாகத் தொங்கியது. ஒருமுறை நீளமாக இழுத்தான். பிறகு ஒன்றுமில்லை. ஈக்கள் மட்டும் முன்னைவிட அதிகமாக வந்தன.

கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நிஜமாகத்தான் அழுதான். தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் விம்மியதைப் பார்த்து அவளுக்கும் மனசு இளகிற்று. அவன் பக்கம் கையை நீட்டப் போனாள். அதற்குள் அவன் எழுந்தான். மூக்கைச் சிந்தினான். உள்ளே போய் அந்த வெல்வெட் போர்வையைக் கொண்டுவந்து, புண்ணெல்லாம் மறையும்படி பிணத்தின்மேல் விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"வணக்கம் உறவுகளே. நம்ம முசே நம்மள வுட்டுப் போய்ட்டான். நூறு கன்னுக்குத் தகப்பன். மாரடைப்பு..."

மறுபடியும் அழுதான். இந்தத் தடவை செல்போனைப் பார்த்து அழுதான். குரல் சரியாக வரவில்லை என்று அழித்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தான்.

தையல்நாயகி மடியைத் தட்டிவிட்டு எழுந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த ஆளைப் பார்க்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஈ மொய்க்கிற எதையோ பார்ப்பதுபோல் இருந்தது.

பின்பக்கத்துக் காலி மனையில் ஜேசிபி வைத்துக் குழி வெட்டினார்கள். பக்கத்து மாடிகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். போன பொங்கலுக்குப் பிள்ளைகளை முசேயின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தவர்கள்தான். இப்போது துப்பட்டாவாலும் கர்ச்சீப்பாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் படம் எடுத்தார்கள். ஜேசிபியின் வாளி காளையை அள்ளித் தூக்கியபோது போர்வை நழுவியது. ஒரு பக்கத்துத் தோல் பட்டையாக உரிந்துகொண்டு வந்தது. "ஐயையே!" என்று மாடியில் யாரோ கத்தினார்கள். கலியமூர்த்தியின் சிநேகிதன் ஒருத்தன், வெள்ளைச் சட்டைக்காரன், குழி ஓரமாகக் குனிந்து, "கலி, கொம்பு ரெண்டையும் மட்டும் அறுத்துக்கவா? ஷோரூம்ல மாட்டுனா அம்சமா இருக்கும்" என்று கேட்டான்.

"எறங்கி அறுத்துக்கயேன்" என்றாள் தையல்நாயகி. "புழுவோட சேத்து எடுத்துக்கினு போ. உன் ஷோரூம்ல வையி."

அவன் பின்வாங்கினான். அவளே சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக் குழிக்குள் கொட்டினாள்.

பொங்கல் கழிந்த மறுநாள் தெருமுனையில் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ் எழுந்தது. கண்ணீர் அஞ்சலி. நூறு கன்றுகளின் தந்தையே, எங்கள் குலதெய்வமே. ஓரத்தில் முசேயின் படம், அதைவிட இரண்டு பங்கு பெரிதாகக் கூலிங்கிளாஸ் போட்ட கலியமூர்த்தி. கீழே சின்னதாக, நூறாவது பசுவோடும் சால்வையோடும் சிரித்துக்கொண்டு நிற்கும் சின்னப்பாப்பா.

தையல்நாயகி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பாமல் நேராக மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

*

டாக்டர் சிவசங்கரி முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் பேனாவை மேசையில் வைத்தாள்.

"காளை வெளியூர்ல இருக்குதுன்னு சொன்னப்ப நீங்கதான எனக்கு டீ குடுத்தீங்க?"

"ஆமாங்க டாக்டரம்மா."

"போர்வ தச்சிக் குடுத்ததும் நீங்க."

"ஆமாங்க."

"எனக்குக் கேக்கவே ஒரு மாதிரி இருக்குதும்மா" என்றாள் டாக்டர். உதட்டோரம் சுருங்கியிருந்தது. அழுகின பழத்தைத் தொட்டுவிட்டவர்களுக்கு வரும் அந்தச் சுருக்கம். தையல்நாயகிக்கு அது கோபத்தைவிட நியாயமாகப் பட்டது. "இந்த நோய் கொசுவால மட்டும் பரவாது. சேர்க்கையாலயும் பரவும். பேர் சொல்லுங்க. ஏழு பேரு."

ஏழு பேரையும் ஊரோடு சொன்னாள். அன்றைக்கே டாக்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி காட்டினாள். ஏழில் நாலு பசுக்களுக்குக் கட்டி. வில்லியனூரில் ஒரு வீட்டில் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் டாக்டர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: "எங்க காளையாலதான் வந்துச்சி. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சேத்தோம்." ஒருத்தன் அடிக்கக் கையை ஓங்கினான். ஒருத்தி கேட்டுவிட்டுச் சும்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரியாங்குப்பத்தில் செவலை ஓட்டுச் சார்ப்பில் படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. சின்னப்பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்த பிறகும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் தையல்நாயகியின் வாயையே பார்த்தாள்.

"மார்க்கெட்டுல கேட்டனேடி" என்றாள் கடைசியில். "வாய் தெறந்து கேட்டனே உன்ன."

தையல்நாயகி செவலையின் வீங்கின கால்களின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா என்னா வைத்தியம்னாவது தெரிஞ்சிருக்கும். என் மூஞ்சிய வேற தெருவுல ஒட்டி வச்சிருக்கீங்களாமே." திரும்பித் தரையில் துப்பினாள். "என் வாசல்ல நிக்காத. போ."

டாக்டர் ஊசி போட்டு முடிக்கிறவரைக்கும் தையல்நாயகி ரோட்டில் நின்றாள். அதன்பிறகு டாக்டர்தான் வாரத்துக்கு இரண்டு முறை அங்கே போய்வந்தாள். செவலை பிழைத்துக்கொண்டது. சினை நிற்கவில்லை. முன்னே கறந்ததில் பாதிப் பால்கூட இல்லை. மருந்துச் செலவைத் தையல்நாயகி கொடுத்தனுப்பியபோது சின்னப்பாப்பா திருப்பி அனுப்பிவிட்டாள்.

*

விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. கலியமூர்த்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். யாரோ ஃப்ளெக்ஸில் அவன் முகத்தின்மேல் சாணியைக் கரைத்து அடித்திருந்தார்கள். அவன் வீட்டில் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் அவன் பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டி வந்து கேட்டருகே நின்றது. அதில் ஒரு காளைக்கன்று. ஒன்றரை வயசு இருக்கும். கொம்பு இன்னும் முழுசாக வளரவில்லை. மிரண்டு மிரண்டு பார்த்தது. கூடவே அதை விற்கிற பெரியவர், திண்டிவனத்துப் பக்கம்.

"கேட்டத் தொற தையலு" என்றான், ஒன்றுமே நடக்காததுபோல். "முசேன்னே பேர் வச்சிடலாம். யாருக்கு என்னா தெரியப்போவுது?"

அவள் கேட்டைத் திறக்கவில்லை. அவனிடம் பேசவும் இல்லை. பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, இந்தக் கொட்டாய்ல போன மாசம் கட்டி நோவுல ஒரு காளை செத்துது. மூணு மாசத்துக்குப் புது மாடு கட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க. இவரு உங்களுக்குச் சொன்னாரா?"

பெரியவர் கலியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். வண்டியின் பக்கவாட்டைத் தட்டி, "திருப்புப்பா" என்று டிரைவரிடம் சொன்னார். கலியமூர்த்தி நீட்டிய கையை அவர் தொடவில்லை. வண்டி போகிறவரைக்கும் அந்தக் கன்று பின்பக்கத்துக் கம்பிகளுக்கிடையில் மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டே போனது.

"மானத்த வாங்கிட்டல்ல" என்றான் கலியமூர்த்தி. "நான் மட்டுமா செஞ்சேன்? நீயுந்தான தச்சிக் குடுத்த?"

"ஆமா" என்றாள். "நானுந்தான். அதத்தான் ஏழு வூட்லயும் சொல்லிட்டு வந்தேன்."

அவன் பைக்மேல் தளர்ந்து உட்கார்ந்தான். கெஞ்சுகிற மாதிரி கேட்டான்:

"இன்னும் எத்தினி நாளைக்கித்தான் என்ன இப்பிடிப் பாப்ப? ஏதோ மலத்த மிதிச்சவ மாதிரி?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று பட்டது.

"தெரியல" என்றாள்.

பசுக்கள் தீனிக்குக் கத்தத் தொடங்கியிருந்தன. கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் புல் கட்டைத் தூக்கப் போனாள்.